பேஸ்பாலில் அடித்துப் பழகி ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலுக்கு வருகிறவர் எந்த ஸ்விங்கை எடுப்பது?

பேஸ்பாலில் ஓரளவு நன்றாக அடித்துக்கொண்டிருந்தவர் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலுக்கு, அதாவது பெரிய பந்தைக் கீழ்க்கையால் வேகமாக வீசி ஆடும் ஆட்டத்துக்கு, மாறியதுமே ஆளுக்கொரு அறிவுரை வந்து குவியும். ஒருவர், அடி என்றால் அடிதான், பந்துதான் பெரிதாகியிருக்கிறது, இருப்பதை அப்படியே கொண்டுபோ என்பார். இன்னொருவர், இது வேறு ஆட்டம், பழகியதை எல்லாம் மறந்துவிட்டுக் கையை நேராகப் பந்துக்கு இறக்கக் கற்றுக்கொள் என்பார். மூன்றாவது ஆள், உனக்குத்தான் கால் வேகம் இருக்கிறதே, இடது பக்கம் நின்று ஸ்லாப் அடி, அதாவது ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடு என்பார். மூன்று பேருமே வருடக்கணக்கில் ஆடியவர்களாக, சொல்லிக்கொடுத்தவர்களாக இருப்பார்கள், மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கும், அதனால்தான் முடிவெடுப்பது சிரமமாகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் உடம்பு சுழன்று பேட்டுக்கு வேகம் கொடுக்கிறதே, அதைத் தொடாதீர்கள். எப்போது தொடங்குவது, கண்ணை எங்கே வைப்பது, கை எவ்வளவு தூரம் பின்னால் போவது, தோள் எவ்வளவு சாய்வது, அடிக்கிறவருக்கென்று கோடு போட்ட பாக்ஸில் எங்கே நிற்பது, இந்த ஐந்தும் மாறியாக வேண்டும். ஸ்லாப் மட்டும் தனிக் கதை, அது எல்லாருக்கும் ஆனதல்ல, ஆனால் பொருந்துகிறவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பொறுமையாக வாருங்கள்.

முதலில் நேரம்

பேஸ்பாலில் பிட்சர் நிற்கும் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். பெண்கள் ஃபாஸ்ட்பிட்சில் கல்லூரி அளவிலும் சர்வதேச அளவிலும் 43 அடி, ஆண்கள் ஃபாஸ்ட்பிட்சில் 46 அடி. இரண்டு ஆட்டத்திலும் பிட்சர் ஒரு பெரிய எட்டு வைத்துத்தான் பந்தை விடுகிறார், ஆகவே தோராயமாக ஆறடியைக் கழித்துவிடுங்கள். சாஃப்ட்பாலில் மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு மிஞ்சுவது 37 அடி, அதைக் கடக்க ஏறக்குறைய 0.39 நொடி. பேஸ்பாலில் அதே 0.39 நொடியில் பந்து பிளேட்டுக்கு வர வேண்டுமென்றால் 95 மைல் வேகம் வேண்டும். 65 மைல் என்றதும் லேசாக நினைத்துவிட்டு வருகிறவர்கள் முதல் நாளிலேயே பந்து போன பிறகு பேட்டைச் சுழற்றுவதற்கு இதுதான் காரணம். 70 மைல் என்றால் 0.36 நொடிதான். மோனிகா அபட் 2012-ல் 77 மைல் வேகத்தில் வீசியிருக்கிறார், 2025-ல் டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கன்ஸ் அதையும் தாண்டிவிட்டார், அதற்கெல்லாம் கணக்குப் போட்டால் பயம்தான் வரும்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வேகமான பந்துக்கும், அதே கையசைவில் வேண்டுமென்றே மெதுவாக வீசும் சேஞ்ச்அப்புக்கும் உள்ள இடைவெளி. பேஸ்பாலில் 95 மைல் வீசுகிறவரின் சேஞ்ச்அப் 85 வாக்கில் வரும், நேர வித்தியாசம் 0.05 நொடிக்கும் குறைவு. சாஃப்ட்பாலில் 65 வீசுகிறவரின் நல்ல சேஞ்ச்அப் 50-க்கு இறங்கிவிடும், அது பிளேட்டுக்கு வர 0.5 நொடி ஆகிறது, அதாவது வித்தியாசம் 0.11 நொடி. இரண்டு மடங்குக்கும் மேல். பேட்டைச் சுழற்றத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும்வரை நல்ல ஆட்டக்காரருக்கே 0.15 நொடி வாக்கில் ஆகும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். வேகப் பந்துக்குத் தயாராக இருந்த ஒருவர், சேஞ்ச்அப் வந்தால் ஒரு ஸ்விங்கின் முக்கால்வாசி நேரம் முந்திவிட்டிருப்பார். ஆக, சாஃப்ட்பாலுக்கு வேகமான கை மட்டும் போதாது, காலைத் தரையில் வைத்த பிறகும் கையைப் பின்னால் நிறுத்திக் காத்திருக்கத் தெரிய வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள்: இந்த முறையில் அடித்தால் நான் காத்திருக்க முடியுமா?

கண் எங்கே பார்க்கிறது

2004-ல் நடந்த ஒரு நட்சத்திர சாஃப்ட்பால் காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபிஞ்ச் வீச, பேஸ்பால் நட்சத்திரங்களான ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாட்சா, பிரையன் ஜைல்ஸ் மூவருமே ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1967-ல், சாஃப்ட்பால் பிட்சர் எடி ஃபைக்னர் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பேஸ்பாலின் வில்லி மேஸ், ராபர்ட்டோ கிளெமென்டே, ஹார்மன் கில்லெப்ரூ உள்ளிட்ட ஆறு பேரை வரிசையாக அவுட்டாக்கியிருக்கிறார். இந்த பேஸ்பால்காரர்களுடைய ஸ்விங்கில் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. நேரமும் அவர்களுக்குப் புதிதல்ல, தினமும் அதே 0.4 நொடியில்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எது அவர்களைக் கைவிட்டது? பந்து கையை விட்டு வந்த பிறகு பார்த்து அடிக்க மனிதனுக்கு நேரமே போதாது. பிட்சரின் தோள், முழங்கை, மணிக்கட்டு அசைகிற விதத்தை ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பழகி, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகித்துத்தான் எல்லாரும் அடிக்கிறார்கள். அந்தப் பழக்கம் முழுக்கத் தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்கானது. இடுப்புக்குப் பக்கத்திலிருந்து, கை ஒரு முழு வட்டம் சுற்றி வந்து விடும் பந்தை அவர்கள் கண் அதற்கு முன்பு படித்ததே இல்லை.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மாற வேண்டியதில் பெரும்பகுதி கண்ணில் இருக்கிறது, இடுப்பிலோ தோளிலோ அல்ல. அதனால் ஸ்விங்கை உடைத்துப் புதிதாகக் கட்டுவதற்கு முன், கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தாலே எவ்வளவு சரியாகிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

ரைஸ் பால் விஷயம்

"சாஃப்ட்பாலில் பந்து மேலே ஏறுகிறது, அதனால் பேட் கீழ்நோக்கி வர வேண்டும்." இந்த வாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீர்கள். பாதி சரி, பாதி தப்பு, அந்தத் தப்புப் பாதி நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது.

பந்து 0.4 நொடி காற்றில் இருந்தால் புவியீர்ப்பு அதை இரண்டரை அடி இறக்கிவிடும். இடுப்பு உயரத்துக்குக் கீழிருந்து விடப்பட்ட பந்து பெல்ட் உயரத்தில் வந்து சேர வேண்டுமென்றால் பிட்சர் அதைக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் விட வேண்டும். பாதி வழி ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். பிளேட்டுக்கு வரும்போது சாதாரண வேகப் பந்து 4 டிகிரி வாக்கில் கீழ்நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். பிட்சர் நிற்கும் 10 அங்குல உயர மேட்டிலிருந்து வரும் பேஸ்பால் வேகப் பந்து 5, 6 டிகிரி. அவ்வளவுதான் வித்தியாசம்! டிராப் பால் என்றால் முன்சுழற்சியால் இன்னும் செங்குத்தாக, 6 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கும். ரைஸ் பால் மட்டும்தான் வேறு மாதிரி. பின்சுழற்சி அதன் இறக்கத்தைப் பாதியளவு குறைத்தால்கூட, நெஞ்சு உயரத்துக்கு வருகிற ரைஸ் பால் ஏறக்குறைய தரைக்கு இணையாகவே பிளேட்டைத் தாண்டும். கடைசி நொடியில் குதித்து எழுவது போலத் தெரிவது, இறங்கும் என்று கண் எதிர்பார்த்த அளவுக்கு அது இறங்காததால்தான்.

ஆக, கீழ்நோக்கி வெட்டுகிற ஸ்விங் ரைஸ் பாலுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை, மற்ற எல்லாப் பந்துகளுக்கும் சுத்தமாகப் பொருந்தவில்லை. மறுபக்கம், இன்றைய பேஸ்பாலில் பரவியிருக்கிற, தோளைச் சாய்த்து நன்றாக மேல்நோக்கிப் போகிற ஸ்விங் ரைஸ் பாலுக்கு அடியில் நுழைந்து கேட்சருக்குப் பின்னால் சும்மா உயரே எழும்பும் பாப் அப் ஆகவே பெரும்பாலும் முடியும். பந்து வருகிற கோணத்துக்கு எதிர்க்கோணத்தில், அதாவது லேசாக மேல்நோக்கி, பேட் போக வேண்டும் என்று பேஸ்பாலின் பெரிய பேட்டர் டெட் வில்லியம்ஸ் சொல்லிக்கொடுத்தது பேஸ்பாலுக்காகத்தான், ஆனால் கணக்கைப் பார்த்தால் சாஃப்ட்பாலுக்கும் அதுவே பொருந்துகிறது, கோணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

அப்படியே கொண்டுவருவது

எதையும் மாற்றாமல் வருவதில் இருக்கிற பெரிய லாபம், பலம் குறையாது. இடுப்பு முதலில் திரும்பி, தோள் பின்தொடர்ந்து, கடைசியில் கை வருகிற அந்த வரிசை உடம்பில் ஊற வருடங்கள் ஆகும், அதைத் தூக்கி எறிவது பெரிய நஷ்டம். சாஃப்ட்பாலில் இப்படிச் சுழன்று அடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 95 ஹோம் ரன் அடித்த லாரன் சேம்பர்லெயினையும், அதே அணியில் பின்னர் வந்து 122 அடித்து அந்தச் சாதனையைத் தாண்டிய ஜாஸ்லின் ஆலோவையும் பார்க்கச் சொல்லுங்கள். கையை மட்டும் வைத்து அடித்து வந்த எண்ணிக்கை அல்ல அது.

சிக்கல் சுழற்சியில் இல்லை, அதைச் சுற்றியிருக்கிறவற்றில் இருக்கிறது. காலை உயரத் தூக்கி இறக்குவது, கையைக் காதுக்குப் பின்னால் வெகுதூரம் இழுப்பது, பேட்டின் தலையை முன்னால் சாய்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது, இதற்கெல்லாம் பேஸ்பாலில் பிட்சர் காலைத் தூக்கி நிதானமாக இறங்கும் நேரம் கிடைக்கிறது. சாஃப்ட்பாலின் முழுவட்ட விண்ட்மில் வீச்சில் கை சுற்றத் தொடங்கிவிட்டால் நிற்காது. காலைத் தூக்கி இறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நன்றாக அடிக்கிற பலர் சாஃப்ட்பாலிலும் தூக்குகிறார்கள், ஆனால் அவர்கள் மிக முன்னதாகவே தொடங்கிவிடுகிறார்கள். பேஸ்பாலில் தொடங்குகிற அதே நேரத்தில் தொடங்கினால் பந்து பிளேட்டைத் தாண்டும்போது முன்கால் அப்போதுதான் தரையைத் தொட்டிருக்கும்.

யாருக்கு இந்த வழி சரி? ஏற்கெனவே பேஸ்பாலிலேயே அசைவு குறைவாக, சின்ன எட்டு வைத்து, பேட்டை உடம்புக்கு அருகிலேயே சுழற்றி அடிக்கிறவருக்கு. அவர் மாற்ற வேண்டியது கண்ணும் தொடங்கும் நேரமும் மட்டும்தான். மற்றவர்களுக்கு இது முதல் சில ஆட்டங்களிலேயே நம்பிக்கையை உடைத்துவிடும்.

"சாஃப்ட்பால் ஸ்விங்" என்று சொல்லித்தரப்படுவது

கையை நேராகப் பந்துக்குக் கொண்டுபோ, மேலிருந்து கீழே வா, எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்குத் தள்ளு, தரையில் உருளும் கிரவுண்டர் அடித்துவிட்டு ஓடு. பல வருடங்களாகப் பல இடங்களில் சிறுமிகளுக்கு இதுதான் சொல்லித்தரப்பட்டது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான், பேஸ்பாலில் 90. ஒரு கிரவுண்டரை ஃபீல்டர் கொஞ்சம் தடுமாறி எடுத்தாலே ஓடுகிறவர் முதல் பேஸைத் தொட்டுவிடுவார், அதனால் பந்தைத் தரையில் போடுவதற்கு பேஸ்பாலைவிட இங்கே மதிப்பு அதிகம். பந்தில் பேட் படுவதே பெரிய காரியமாக இருக்கிற சின்ன வயதில் இது பலனும் கொடுக்கும்.

ஆனால் பேஸ்பாலிலிருந்து வருகிறவருக்கு இது பின்னோக்கிய நடை என்றே நினைக்கிறேன். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், பந்தும் இறங்குகிறது, பேட்டும் இறங்குகிறது என்றால் இரண்டும் வெவ்வேறு பாதையில் வந்து ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, நேரம் துளி பிசகினாலும் பந்தின் தலையில் பட்டுத் தரையில் உருளும். டிராப் பால் வீசுகிறவர் இப்படி ஒரு ஆளைத்தான் எதிர்பார்த்துக் காத்திருப்பார். அதைவிடப் பெரிய குறை சேஞ்ச்அப். எடையை முன்காலுக்குத் தள்ளிவிட்ட ஆள், பந்து தாமதமாக வரும்போது பிடித்து நிற்க எதுவும் இல்லாமல் கையை மட்டும் நீட்டி அடிப்பார். அந்த 0.11 நொடி இவரைத்தான் முதலில் பலி வாங்கும். எடையை முன்னால் கொண்டுபோகச் சொன்ன பேஸ்பால் பயிற்சியாளர் சார்லி லாவின் மாணவர் ஜார்ஜ் பிரெட் 1980-ல் .390 சராசரியில் அடித்திருக்கிறாரே என்று கேட்கலாம். அடித்தார்தான், ஆனால் பிரெட் எடையை நகர்த்திய பிறகு உறுதியான முன்காலை ஊன்றிச் சுழன்றார், கையை வெட்டி இறக்கவில்லை. அந்தப் பாடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் பிரச்சினை.

இந்த வழியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு கைப்பிடியில் சற்று மேலே பிடித்து, அசைவைக் குறைத்து, பந்தை எப்படியாவது ஆட்டத்துக்குள் போடுவது. அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்லாப்

இதை ஒரு தந்திரம் என்று மட்டும் நினைத்து ஒதுக்கிவிடுகிற பேஸ்பால்காரர்கள் அதிகம், அது வருத்தமான விஷயம், ஏனென்றால் சாஃப்ட்பால் தனக்கென்று கண்டுபிடித்து வளர்த்த மிக அழகான திறமை இதுதான். இடதுகைப் பக்கம் நிற்கிற ஆட்டக்காரர், பிட்சரின் கை சுற்றி வரும்போதே பின்காலை முன்காலுக்குக் குறுக்கே எடுத்துவைத்து ஓடத் தொடங்கிவிடுவார், ஓடிக்கொண்டே பந்தை மூன்றாவது பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவில் தட்டிவிடுவார். சாஃப்ட்பால் பாக்ஸ் 3 அடி அகலம், 7 அடி நீளம், பேஸ்பாலில் 4-க்கு 6. அந்தக் கூடுதல் நீளம் இவர்களுக்கு வரமாக அமைந்துவிட்டது. பேட்டில் பந்து படும் நேரத்தில் ஒரு பாதம் முழுவதுமாகக் கோட்டுக்கு வெளியே தரையில் இருந்தால் அவுட், அதை மட்டும் மறக்கக் கூடாது.

பன்ட்டை, அதாவது பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெதுவாகக் கீழே வைப்பதை, எதிர்பார்த்து மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர் முன்னால் வந்தால் அவரைத் தாண்டித் தட்டலாம், பின்னால் நின்றால் மெதுவாகக் கீழே வைக்கலாம், உள்வட்டத்து ஃபீல்டர்கள் எல்லாருமே முன்னால் வந்துவிட்டால் முழு ஸ்விங்கும் எடுக்கலாம். மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுபோலத் தெரிவதுதான் இதன் உயிர். 2004 ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் ஷார்ட்ஸ்டாப் நடாஷா வாட்லி இந்த ஆட்டத்தை எந்த உயரத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டியவர்.

ஆனால் யார் இதற்கு மாறலாம் என்பதில் நான் கறாராக இருப்பேன். முதல் பேஸுக்கு மூன்று நொடிக்குள் போகிற வேகம் வேண்டும், அந்த வேகம் இல்லாமல் ஸ்லாப் அடித்தால் அது மெதுவான கிரவுண்டர்தான். வலது பக்கம் அடித்துப் பழகியவர் என்றால் பல மாதங்கள் கண்ணும் கையும் தடுமாறும், அணியில் இடம் போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு வேண்டும். 12, 13 வயதில் மாறுவது சுலபம். ஏற்கெனவே பலமாக அடிக்கிற ஒருவரை, கால் வேகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பலத்தை விட்டுவிட்டு ஸ்லாப்புக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேஸ்பாலிலேயே இடது பக்கம் நின்று, பன்ட்டில் கை தேர்ந்து, வேகமாக ஓடுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றே தொடங்கலாம்.

எஞ்சினை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உடம்பின் சுழற்சிதான் எஞ்சின், அதைத் தொடாமல் மற்றதை மாற்றுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், இங்கேதான் விவரம் அதிகம்.

தொடங்கும் நேரம். பிட்சரின் இரண்டு கையும் பிரிந்து, வீசும் கை மேலே போகத் தொடங்கும்போதே உங்கள் எடை பின்காலுக்குப் போயிருக்க வேண்டும். அவர் கை இடுப்பைத் தொட்டுப் பந்தை விடும் கணத்தில் உங்கள் முன்பாதம் தரையில் இருக்க வேண்டும். இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். முன்பாதம் இறங்கிய பிறகும் கையும் தோளும் பின்னாலேயே இருக்க வேண்டும், அங்கேதான் சேஞ்ச்அப்புக்கான பொறுமை இருக்கிறது. காலும் கையும் சேர்ந்தே முன்னால் போனால் காத்திருக்க வழியே இல்லை.

கை. பேஸ்பாலில் கையைப் பின்னால் இழுத்துத்தான் பலம் கொண்டுவருகிறேன் என்று பலர் நம்புகிறார்கள், உண்மையில் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஏற்படுகிற முறுக்கலில்தான் பலம் இருக்கிறது. கையைத் தொடக்கத்திலேயே பின்தோள் அருகே வைத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு மூன்று அங்குலம் போனால் போதும். பின்முழங்கை விலாவுக்குப் பக்கத்தில் இறங்கி, பேட்டின் தலை முதலில் பின்னால் சுற்றி, பிறகு முன்னால் வர வேண்டும். கை உடம்பை விட்டு விலகி அகல வட்டம் போட்டால் உள்பக்கம் வருகிற வேகப் பந்து கைப்பிடியில்தான் படும்.

கோணம். தோள் சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள், பேட் பந்தின் பாதையில் நீண்ட நேரம் இருக்கட்டும். பேஸ்பாலில் பந்து பேட்டிலிருந்து 25, 30 டிகிரி கோணத்தில் மேலெழ வேண்டும் என்பார்கள், இங்கே அதற்கு அவ்வளவு தேவை இல்லை. வேலி பொதுவாக 200, 220 அடியில் இருக்கிறது. அப்புறம், 12 அங்குலச் சுற்றளவு பந்து பேஸ்பாலைவிடக் கனமானதுதான், 6.25 முதல் 7 அவுன்ஸ், ஆனால் அதன் அளவு இன்னும் அதிக விகிதத்தில் பெரிது, அதனால் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். உயரத் தூக்கி அடித்த பந்து அவுட்ஃபீல்டிலேயே இறங்கி கேட்ச் ஆகிவிடும், பலமான தாழ்ந்த லைன் டிரைவ்தான் வேலியையும் தாண்டும், இடைவெளியிலும் புகும்.

பாக்ஸில் நிற்கும் இடம். டிராப் பால், வளைவுப் பந்து அதிகம் வீசுகிறவர் என்றால் முன்னால் நகர்ந்து, அது முழுதாக விழுவதற்கு முன் அடிக்கலாம். வேகமும் ரைஸ் பாலும் என்றால் பின்னால் நின்று ஒரு கண நேரம் கூடுதலாகப் பெறலாம். பேஸ்பாலில் எப்போதும் பின்கோட்டில்தான் நிற்பேன் என்று பழகியவர்கள் இந்தச் சுலபமான லாபத்தை விட்டுவிடுகிறார்கள். ரைஸ் பால் கைக்கு மேலே தொடங்கினால் விட்டுவிடுங்கள், அது ஸ்ட்ரைக் இடத்துக்குள் இருக்கப்போவதில்லை.

கண். பிட்சரின் தோளையோ முகத்தையோ பார்க்காமல், முதலில் நெஞ்சுப் பகுதியில் பொதுவாக வைத்திருந்து, கை கீழே இறங்கும்போது இடுப்புக்கு அருகில் பந்து வெளிவரும் இடத்துக்குப் பார்வையைக் கொண்டுவர வேண்டும். இதைப் பழக மிகச் சிறந்த வழி, உங்கள் அணி பிட்சர் பயிற்சி செய்யும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாக்ஸில் நின்று, சுழற்றாமல், ஒவ்வொரு பந்துக்கும் என்ன வகை என்று வாய்விட்டுச் சொல்வது. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

பயிற்சியில் கவனிக்க வேண்டியவை

பேஸ்பால் ஆடிய பயிற்சியாளர்கள் பழக்க தோஷத்தில் மேற்கையால் பந்து போட்டு அடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கோணமும் தவறு, கண் பார்க்கும் இடமும் தவறு, அடிக்கிறவருக்கு வேண்டாத பழக்கம்தான் வளரும். வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, கீழ்க்கையால், நெருங்கிய தூரத்திலிருந்து, நடுநடுவே மெதுவான பந்தைக் கலந்து போடுங்கள். இயந்திரம் வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் அதற்குக் கை இல்லை, எப்போது தொடங்குவது என்ற பாடத்தை அது சொல்லித்தராது, ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் காத்திருக்கிற திறமையையும் மழுங்கடித்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பந்து வெளிவரும் உயரத்தை இடுப்பளவுக்குத் தாழ்த்தி வையுங்கள், பேஸ்பாலுக்கு வைத்த உயரத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

பேட் பற்றிச் சுருக்கமாக. பேஸ்பால் பேட்டை இங்கே கொண்டுவர முடியாது, சாஃப்ட்பால் பேட்டின் தடித்த பகுதி 2¼ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, நீளம் 34 அங்குலத்துக்குள். உயர்நிலைப் பள்ளி, கல்லூரி பேஸ்பாலில் 33 அங்குலத்துக்கு 30 அவுன்ஸ் தூக்கிப் பழகியவர் கையில் அதே நீளத்துக்கு 23 அவுன்ஸ் பேட் வந்தால் ஆரம்பத்தில் கை முந்திக்கொண்டு ஓடும், பந்தைச் சீக்கிரம் சந்தித்து மணிக்கட்டு உருண்டு, வலது பக்கம் அடிக்கிறவர் என்றால் மூன்றாவது பேஸ் பக்கம் தரையில் இழுத்துவிடுவார். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் ஓரிரு அவுன்ஸ் கனமானதை, அல்லது எடை முனைப்பக்கம் சற்று அதிகம் உள்ளதை முயன்று பாருங்கள். அதிவேகப் பிட்சர்களைச் சந்திக்கிற அணியில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் சமநிலை பேட்டிலேயே இருங்கள்.

வயதைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் தூரம் 40 அடி, வேகம் 50 மைல் வாக்கில் இருந்தால் பந்துக்கு 0.46 நொடி கிடைக்கிறது, அந்த வயதில் ஸ்விங்கைப் பெரிதாகக் குறுக்க அவசரப்பட வேண்டாம், சுழற்சியை நன்றாகப் பழகட்டும். தூரம் 43 அடியாகி வேகமும் ஏறும் 14 வயது வாக்கில்தான் அசைவுகளைச் சுருக்கும் வேலை முழுமையாகத் தேவைப்படும்.

எப்போது மாற்றுவது என்பதும் முடிவின் ஒரு பகுதிதான். ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும் பருவத்தில் மாறுகிறீர்கள் என்றால் கண், தொடங்கும் நேரம், பாக்ஸில் நிற்கும் இடம் இந்த மூன்றை மட்டும் தொடுங்கள், இவை ஓரிரு வாரப் பயிற்சியிலேயே ஆட்டத்தில் தெரியத் தொடங்கும். கையின் தூரம், தோள் சாய்வு, ஸ்லாப் எல்லாம் பருவம் முடிந்த பிறகு. அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், முதலில் கையைச் சுருக்குங்கள், அது ஸ்டாண்டில் வைத்த பந்திலும் கீழ்க்கைப் பந்திலும் யோசிக்காமல் வந்த பிறகு தோள் சாய்வுக்குப் போங்கள். நடுவில் கிரவுண்டர்கள் அதிகமானால் கோணத்தைச் சந்தேகிப்பதற்கு முன், முன்பாதம் எப்போது தரையில் இறங்குகிறது என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.